எண்ணும் கொட்டாயில் ஓர் இத்தா

அஸ்கரி பேகத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய கையெழுத்து. அழகான கையெழுத்து என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் எழுதும் எண்களில் ஏழு ஏழாகவே இருக்கும், மூன்று மூன்றாகவே இருக்கும். எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் சந்தேகம் வராது. "எனக்கு அது போதும்மா" என்றார் ராஜப்பன். அவர் தருமபுரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்தியவர். பெங்களூரில் வேண்டாமென்று ஒதுக்கிய கருவிகளைக் கெஞ்சி வாங்கிவந்து, வத்தல்மலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் வைத்து, ஆராய்ச்சி நிலையம் என்று பலகையும் மாட்டியிருந்தார். அந்தப் பலகையை ஊரில் ஒருவரும் மதிக்கவில்லை. அவர்களுக்கு அது எண்ணுற கொட்டாய்.

1979இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. பத்தாவது தேறியவள். தகரப் பெட்டி செய்யும் அப்துல் சுபானுக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. வீட்டில் மாமியார் ஜான் பீயும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் மலையடியில் உட்கார்ந்து வருவது இருவருக்குமே நல்லதாகப் பட்டது. சுபான்தான் முதல் நாள் கூட வந்தான். குழல்களையும் ஈயப் பாளங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் சரியில்ல" என்று ஒரே ஒரு கருத்தைச் சொன்னான்.

செய்யவேண்டிய வேலை சின்னது. எங்கோ தொலைவில் வெடித்துப்போன நட்சத்திரங்களிலிருந்து துகள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை நம் காற்றில் மோதிச் சிதறும். சிதறியதில் ஒன்று குழலுக்குள் விழுந்தால் பெட்டியின் முகப்பில் சிவப்பாக ஓர் எண் கூடும். மணிக்கொரு தடவை அந்த எண்ணை நோட்டில் எழுதவேண்டும், பக்கத்தில் காற்றழுத்தத்தை எழுதவேண்டும். கடைசிக் கட்டம் குறிப்புக்கு. எண்ணிக்கை சரிந்தாலோ, கரண்ட் போனாலோ, இடி விழுந்தாலோ அதில் எழுதலாம். ஒன்றும் இல்லாவிட்டால் 'விசேஷம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. போன நாளின் பக்கத்தில் இன்றைக்கு வந்து ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. ராஜப்பன் கல்லூரிக்கு மட்டம் போடுவதுண்டு, மனைவியிடம் பொய் சொல்வதுண்டு. இந்தச் சட்டத்தை மட்டும் அவர் மீறி யாரும் பார்த்ததில்லை.

மலையிலிருந்து சாமை மூட்டையோடு இறங்கும் சின்னக்கா கொட்டாய் வாசலில் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"தெனமும் குந்திக்கினு என்னாத்த எண்ணுற?"

"மேல இருந்து விழறத எண்றேன்."

"மழையவா?"

"மழை மாதிரிதான். நனையாத மழை."

"நனையலன்னா அத எண்ணி என்னா பண்றது" என்று சின்னக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அஸ்கரிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வி அவளுக்கும் உண்டு.

போகப் போக அவளுக்கு அந்த வேலையில் ஒரு பிடிப்பு வந்தது. வெயில் ஏறினால் எல்லாம் ஏறும் என்றுதானே நாம் நினைப்போம். இங்கே தலைகீழ். சூரியன் பொங்கினால் எண்ணிக்கை இறங்கும். சூரியனிலிருந்து எந்நேரமும் காந்தம் கலந்த ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்றும், சூரியன் பொங்கும்போது அந்தக் காற்று முறுக்கேறி, வெளியிலிருந்து வரும் துகள்களை ரைஸ் மில் காற்று உமியைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிடுகிறது என்றும் ராஜப்பன் சொன்னார். பூமிக்கு அந்தக் காற்று இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ஆனால் அமெரிக்காக்காரன் அனுப்பிய பயனியர் என்ற கலம் ஒன்று நெப்டியூன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதிலும் எண்ணும் கருவி உண்டு. அங்கே அந்தக் காற்று போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும்.

அந்தக் கலத்தின் கணக்கை யாரோ படியெடுத்து ராஜப்பனுக்குத் தபாலில் அனுப்புவார்கள். அதைக் கோடாக வரைவது அஸ்கரியின் வேலை. கொட்டாயின் கோட்டைக் கட்டம் போட்ட தாளில் வரைவாள். கலத்தின் கோட்டை ஊடு தெரியும் மெல்லிய தாளில் வரைவாள். பிறகு மெல்லிய தாளை மேலே வைத்து மெதுவாக நகர்த்துவாள். நகர்த்திக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் இங்கத்துப் பள்ளமும் அங்கத்துப் பள்ளமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். எத்தனை கட்டம் நகர்ந்தது என்று பார்த்தால் அத்தனை நாள் தாமதம். முதல் தடவை பள்ளம் பள்ளத்தில் பொருந்தியபோது அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அப்ப இங்க கொறஞ்சி முடிஞ்சி எல்லாரும் மறந்த பின்னாடியும் அங்க ஒண்ணுமே தெரியாதுங்களா சார்?"

"தெரியாது. போய்ச் சேர்ற வரைக்கும் அதுக்கு எல்லா நாளும் நல்ல நாளுதான்."

1981இல் சுபான் அரபு நாட்டுக்குப் போனான். பாலைவனத்தில் குழாய் பதிக்கும் வேலைக்கு வெல்டர் தேவை என்று பம்பாய் ஏஜெண்டு ஒருவன் ஆள் பிடித்தான். சொந்த ஊர் விலாசம் போட்டால் பாஸ்போர்ட் வரத் தாமதமாகும் என்று அவன் சொன்னதைக் கேட்டு, சுபான் பம்பாயில் தான் தங்கியிருந்த லாட்ஜின் விலாசத்தையே எல்லாக் காகிதத்திலும் போட்டுவிட்டான். நம் ஊரிலிருந்து போன பலரும் அன்றைக்கு அப்படித்தான் போட்டார்கள். யாரும் அதை ஒரு தப்பாகவே நினைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். 82 மே மாதம் வந்ததில், கேம்ப் இன்னும் உள்ளே போகிறது, கடிதம் தாமதமானால் பயப்படாதே என்று எழுதியிருந்தான். அவள் பயப்படவில்லை. அவன் கொடுத்தனுப்பிய பச்சைப் புடவையை நோன்புப் பெருநாளுக்கு என்று எடுத்து வைத்தாள்.

அந்த ஜூலை நடுவில் சூரியன் பொங்கிய பொங்கல் சொல்லி முடியாது. அஸ்கரி நோன்பு பிடித்திருந்தாள். பதினான்காம் தேதி சிவப்பு எண்கள் இறங்கின, இறங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சரிவு. மூன்று வருஷத்தில் அவள் பார்க்காத பள்ளம். ராஜப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடிவந்து, குதிக்காத குறையாக நின்றார். மறுபடி டவுனுக்குப் போய் மைசூர்பாகு வாங்கிவந்து, "நோன்பு திறக்கறப்ப சாப்பிடுங்க, இது உங்க பள்ளம்" என்றார். அன்று சாயங்காலம் அதில் ஒரு துண்டைத் தின்றுதான் அவள் நோன்பு திறந்தாள். உடனே உட்கார்ந்து சுபானுக்கு நாலு பக்கம் எழுதினாள். வெல்டிங் சரியில்லாத குழல்கள்தான் கண்டுபிடித்தன என்று கேலியாக ஒரு வரியும் எழுதினாள். பெருநாளன்று பச்சைப் புடவை கட்டி, இரண்டு கையிலும் வளையல் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றி வந்தாள். பக்ரீத்துக்கும் அதையே கட்டினாள்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை. கொட்டாயிலிருந்து அவள் திரும்பியபோது ஜான் பீ ஒரு தபால் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்.

"ரிஜிஸ்தர் தபாலாம். கைநாட்டு வெச்சி வாங்கினேன். பிரிச்சிப் பாரு, பையன் என்னா எழுதியிருக்கான்."

பிரித்ததும் முதலில் விழுந்தவை அவள் எழுதிய கடிதங்கள். ஐந்து. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. அவற்றுக்கு அடியில் தட்டச்சு செய்த ஒரு தாள். ஜூன் இரண்டாம் தேதி மண் சரிந்து அப்துல் சுபான் இறந்துபோனதாகவும், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதாகவும் அதில் இருந்தது. தாள் பம்பாய் லாட்ஜுக்குப் போய், எவன் மேசையிலோ கிடந்து, யாரோ ஒரு புண்ணியவான் இப்போது தருமபுரிக்குத் திருப்பிவிட்டிருந்தான். அவன் நன்றாக இருக்கட்டும். நாலு மாதம் அதை மேசையில் போட்டு வைத்தவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. சொன்னால் நல்ல வார்த்தையாக வராது.

இனி நடந்ததுதான் அஸ்கரியின் வாழ்க்கையில் யாருக்கும் எளிதில் விளங்காத பகுதி.

புருஷன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கவேண்டும். வீட்டை விட்டு வரக் கூடாது, வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது, பூ இல்லை, வளையல் இல்லை, வெள்ளைப் புடவை. பல பெண்களுக்கு அது பாரம். அஸ்கரி அதற்காக அன்றைக்கே வளையலைக் கழற்றினாள், தாலிக் கருகமணியை அறுத்தாள். மூன்றாம் நாள் ஓத வந்த பள்ளிவாசல் நூர் பாஷா அஜ்ரத், திரைக்கு அப்பால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். இறந்தது ஷஃபான் மாதம் பத்தாம் பிறை. பக்ரீத்தன்று நாலு மாதம் முடிந்தது. அதற்கப்புறம் பத்து நாள்.

"உனக்கு இத்தா முடிஞ்சிபோச்சும்மா" என்றார். "சேதி வர்றதுக்குப் பத்து நாள் முன்னயே முடிஞ்சிபோச்சு."

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நல்லவேளை என்றார்கள். வேலையை விடவேண்டாம், அடைந்து கிடக்கவேண்டாம், அல்லா லேசாக்கிவிட்டான் என்றார்கள். அஸ்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்காக அழவேண்டிய நாட்களையெல்லாம் அவள் சிரித்துக் கழித்திருக்கிறாள். மைசூர்பாகு தின்றிருக்கிறாள். பச்சைப் புடவையில் தெருவைச் சுற்றியிருக்கிறாள். ஒரு பெண்சாதி புருஷனுக்குச் செய்யும் கடைசிக் காரியம் அது ஒன்றுதான். அதுவும் அவளுக்கு இல்லாமல் போய்விட்டது.

"அஜ்ரத், எங்க கொட்டாயில ஒரு கணக்கு உண்டுங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "சூரியன் இன்னிக்குப் பொங்குது. தூரத்துல ஒரு கலம் இருக்குது. அதுக்கு அது போய்ச் சேர மாசக்கணக்கா ஆவுது. அங்க கொறஞ்சது என்னிக்குன்னு கேட்டா, அங்க போய்ச் சேர்ந்த தேதியத்தான் எழுதுவோம். பொங்குன தேதிய எழுத மாட்டோம்."

கடுமையான மனிதர் அல்ல அஜ்ரத்.

"நீ சொல்றது புரியுதும்மா. ஆனா மௌத்தான நாள்ல இருந்துதான் கணக்கு. சேதி வந்த நாள்ல இருந்து இல்ல. துக்கப்படாதேன்னு யாரும் சொல்லல. இத்தான்னு ஒண்ணு பாக்கி இல்லன்னுதான் சொல்றேன். இதுல கை வைக்க எனக்கு எடம் இல்ல."

அவர் போன பிறகு ஜான் பீ சுவரைப் பார்த்தபடி, "உனக்காச்சும் முடிஞ்சிபோச்சுன்னு சொன்னாரு. பெத்தவளுக்குக் கணக்கே போடல" என்றாள்.

மறுநாள் அஸ்கரி பஸ் ஏறிக் கொட்டாய்க்குப் போனாள். வீட்டில் இருக்க அவளுக்கு ஒரு காரணம் இல்லையே. ராஜப்பன் சேதி கேள்விப்பட்டு வந்து நின்றார்.

"லீவு எடுத்துக்கங்கம்மா."

"என்னான்னு எழுதறதுங்க சார்? எனக்கு இத்தா கெடையாதாம்."

இத்தா என்றால் என்ன என்று அவர் கேட்டார். சொன்னாள். ராஜப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொள்ளாமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் போனதும் பழைய நோட்டை எடுத்து ஜூன் இரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினாள். காலை ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று. எண்களெல்லாம் அவளுடைய எண்கள். கடைசிக் கட்டத்தில் அவளுடைய தெளிவான எழுத்தில், 'விசேஷம் இல்லை. அ. பேகம்.' எத்தனை மணிக்கு மண் சரிந்தது என்று தாளில் போட்டிருக்கவில்லை. எத்தனை மணியாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் அவள் ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். நோட்டின் மேல் கவிழ்ந்து, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். போன நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்த நாட்கள் முழுக்க இந்த நோட்டில் இருக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் என்று ஜூன் இரண்டிலிருந்து அவற்றைப் படித்துக்கொண்டு, இந்த அறைக்குள் அவள் இத்தா இருப்பாள். அஜ்ரத்துக்குத் தெரியவேண்டாம். ஊருக்கும் தெரியவேண்டாம்.

மறுநாளிலிருந்து சாதாரணப் புடவையில் பஸ்ஸில் வருவாள். கொட்டாய்க்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த ஜான் பீயின் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொள்வாள். சாயங்காலம் மாற்றிக்கொண்டு திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள், மிஷினுக்கு ஞாயிறு கிடையாது என்று வீட்டில் சொன்னாள். தன் வெள்ளைப் புடவைகளில் ஒன்றைக் காணோம் என்பதை ஜான் பீ இரண்டே நாளில் கவனித்துவிட்டாள். அடுத்த நாள் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் இன்னொரு வெள்ளைப் புடவை மடித்து வைத்திருந்தது, மாற்றிக் கட்டிக்கொள்ள.

சனிக்கிழமை தோறும் நோட்டைப் பார்த்துக் கையெழுத்திட ராஜப்பன் வருவார். முதல் சனிக்கிழமை ஜன்னல் வழியாக வெள்ளைப் புடவையைப் பார்த்தவர் அப்படியே பின்வாங்கினார். சற்று நேரம் கழித்து அவர் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"அம்மா, நோட்டை வாசப்படியில வெச்சிட்டு உள்ள போயிருங்க. நான் புங்க மரத்துக்கிட்ட நிக்கறேன்."

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூட அவர் வாசல் தாண்டவில்லை. கார்த்திகை மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு புங்க மரத்தடியில் நின்று கையெழுத்துப் போட்டார். கருவியைச் சரிசெய்யவேண்டி வந்தால் அங்கிருந்தே கத்துவார். "எடது பக்கத் திருகு. கால் சுத்து. போதும்." உள்ளேயிருந்து அவள் செய்வாள். சாரை அந்த அம்மா உள்ளேயே விடமாட்டேன் என்கிறது என்று சின்னக்கா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ராஜப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

உள்ளே அவள் நாளுக்கொரு பக்கமாகப் படித்தாள். விசேஷம் இல்லை. விசேஷம் இல்லை. விசேஷம் இல்லை. ஜூலை பதினான்காம் தேதிப் பக்கம் வந்தபோது, 'இதுவரை இல்லாத சரிவு' என்று சந்தோஷத்தில் இரண்டு தடவை கோடிட்டிருந்ததைப் பார்த்துத் தன் கையின்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. பெருநாள் தேதியின் பக்கத்தில் 'விடுமுறை' என்று மட்டும் இருந்தது. அன்று முழுக்கச் சாப்பாட்டைத் தொடவில்லை.

பிப்ரவரி இருபத்து நாலு, வியாழக்கிழமை. பிறைக் கணக்கில் கடைசி நாளின் பக்கத்தைப் படித்து முடித்தபோது வாசல்படியில் ஏதோ வைக்கும் சத்தம் கேட்டது. ராஜப்பன் வியாழக்கிழமையில் வருகிறவர் அல்ல.

"சார், இன்னியோட முடியுதுங்க" என்றாள் உள்ளேயிருந்து.

"தெரியும்மா. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நாளைக்கு உள்ள வர்றேன்."

வாசலில் இருந்தது பழுப்பு உறை. பயனியரின் கணக்கு. அவள் மெல்லிய தாளில் கோட்டை வரைந்து, கொட்டாயின் கோட்டின்மேல் வைத்து நகர்த்தினாள். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதமும் தாண்டிய பிறகு ஜூலையின் பள்ளம் அங்கத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் அங்கே கோடு சலனமில்லாமல் நேராகப் போயிருந்தது. அந்த நேர்கோட்டை அவள் வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ராஜப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, புது வீட்டுக்கு வருகிறவர்போலத் தயங்கி உள்ளே வந்தார். மேசையில் பழைய நோட்டு ஜூன் இரண்டாம் தேதியில் விரித்துக் கிடந்தது. அவர் அதைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பக்கம் நீட்டினார்.

"எழுதிக்கங்கம்மா. ஒரு வரி எழுதிக்கங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நாலு வருஷத்தில் ஒரு புள்ளிக்குக்கூட இடம் கொடுக்காத மனிதர். அஸ்கரி பேனாவை வாங்கினாள். கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தான் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தாள்.

"வேணாங்க சார்" என்றாள். "அன்னிக்கு இங்க விசேஷம் ஒண்ணும் இல்லதானே."

அவள் அந்த நோட்டை மூடினாள். அன்றைய நோட்டை எடுத்துத் தேதி போட்டாள். மணி பத்து ஆகியிருந்தது. சிவப்பு எண்ணைப் பார்த்து எழுதினாள், காற்றழுத்தத்தைப் பார்த்து எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இத்தனை மாதமாக யார் முன்னாலும் அழாதவள், ராஜப்பன் நிற்பதையும் பார்க்காமல், அவருடைய பேனாவைப் பிடித்தபடியே அழுதாள்.